அரைமணி அண்ணன் கிடார் கற்ற கதை

கடிகாரத்தைக் கண்டுபிடித்த புண்ணியவான் மட்டும் ஒரே ஒரு காலைப்பொழுது எங்கள் ஜீப் ஸ்டாண்டில் நின்றிருந்தால், "ஆளை விடுங்கடா சாமி" என்று பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு வேறு ஏதாவது உருப்படியான சாமானைக் கண்டுபிடிக்கப் போயிருப்பார். அங்கே நேரத்துக்கு ஒரே ஒரு அளவுதான் உண்டு. அதற்குப் பெயர் அரைமணி. அதைப் புழக்கத்தில் விட்டவர் பெயரும் அரைமணி. ரேஷன் கார்டில் வேறு ஏதோ பெயர் இருந்திருக்க வேண்டும். நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கணக்கு டீச்சராக மாற்றல் செய்திருந்தார்கள். முதல் திங்கட்கிழமை, காலை ஏழு மணிக்கெல்லாம் திருப்பத்தூரில் போய் நின்றுவிட்டேன். ஒரு பழைய ஜீப். அதன் பானெட் மேல் சம்மணம் போட்டு ஒருவர் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்.

"ஜீப் எப்பண்ணா கெளம்பும்?"

"அரமணி டீச்சர்."

நான் டீச்சர் என்று இவருக்கு எப்படித் தெரிந்தது? கேட்டேன். "கையில கொடை, தோள்ல ரெண்டு பை, மூஞ்சி நெறைய பயம். டீச்சர்தான்" என்றார்.

எட்டு மணிக்குக் கேட்டேன். அரைமணி. எட்டே முக்காலுக்குக் கேட்டேன். அரைமணி. பத்து மணிக்கு, கடைசி ஆள் ஒரு ஆட்டுக்குட்டியோடு வந்து ஏறிய பிறகு வண்டி கிளம்பியது. "மேல போய்ச் சேர எவ்ளோ நேரமாவும்?" என்று கேட்டேன். நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. நான் எம்.எஸ்ஸி. கணக்கு. அந்த மனிதருடைய அரைமணிக்கு ஒரு வாய்ப்பாடு கண்டுபிடிக்க மூன்று வருஷம் முயன்றேன். ஒவ்வொரு முறையும் வேறு விடை வந்தது.

ஆனால் ஓட்டினால் ஓட்டுநர் அவர்தான். எந்த வளைவில் எந்த கியர் போட்டார் என்று வண்டிக்குள் இருக்கும் யாருக்கும் தெரியாது. கையில் டீ கிளாஸோடு ஏறினால் டீ கிளாஸோடு இறங்கலாம், ஒரு சொட்டு சிந்தாது. இந்த விஷயத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுதான் என்னை ரொம்பக் குழப்பியது.

ஜீப்பில் அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. உள்ளே இடமில்லாதவர்கள் பின்பக்கப் படியில் நின்று மேலே இருக்கும் ராடைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். நடுவழியில் ஒருவர் இறங்க, இன்னொருவர் இடம் மாற, அப்போதுதான் ஆள் தவறி விழுவது. அதனால் அரைமணி அண்ணன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கத்துவார்: "அடுத்த ஆளு புடிச்ச பெறவு நீ வுடு! அவன் புடிக்காத நீ வுடாத!" ஒவ்வொரு நிறுத்தத்திலும் இதையேதான் கத்துவார். அந்த வண்டியிலிருந்து ஒருவர்கூட விழுந்ததில்லை.

எனக்கும் அந்தப் பாக்கியம் கிடைத்தது. பலாப்பழ சீசனில் ஒரு நாள். சீட்டெல்லாம் பலாப்பழம் உட்கார்ந்திருந்தது. கேட்டால், "பழம் உருண்டா காயமாயிடும் டீச்சர், நீங்கன்னா புடிச்சிக்குவீங்க" என்றார். பின்படியில் பால்காரர், ஃபாரஸ்ட் வாச்சர், எங்கள் பள்ளி சமையல்காரர் முருகேசன், அப்புறம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நான். எனக்குத் தெரிந்த சாமி பேரெல்லாம் இரண்டு வளைவில் தீர்ந்துவிட்டது. பள்ளிக்கூட வாசலில் வண்டி நின்றும் நான் ராடை விடவில்லை. முருகேசன்தான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.

இனி கிடார். அது அவர் வாங்கியதல்ல. மலையில் கூடாரம் போட வந்த ஒரு பையனும் பெண்ணும் அவருடைய ஜீப்பில் கீழே இறங்கினார்கள். இறங்கின வேகத்தில் கிடாரை முன் சீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வேறு யாராவது என்றால் இரண்டு நாள் பார்த்துவிட்டு உள்ளே எடுத்து வைத்திருப்பார்கள். அரைமணி அண்ணன் ஒன்றரை வருஷம் அதை முன் சீட்டிலேயே உட்கார வைத்து மேலேயும் கீழேயும் ஓட்டினார். அந்த சீட்டில் ஆள் ஏற்ற மாட்டார். "தேடிக்கினு வருவாங்க இல்ல? வந்து பாக்கும்போது அது அதே எடத்துல இருக்கணும்." எப்போது வருவார்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. பதில்தான் எல்லோருக்கும் தெரியுமே.

அந்தக் கிடாரை சீட்டை விட்டு எழுப்பியது ஒரே ஒரு ஆள். அவருடைய மகள்.

அவருக்கும் மல்லிகா அக்காவுக்கும் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை. திருப்பத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து பாப்பாவை அந்த ஜீப்பில்தான் மேலே கொண்டுவந்தார்கள். அத்தனை வளைவிலும் தூங்கிக்கொண்டே வந்த பாப்பா, வாசலில் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திய அடுத்த நொடி வீலென்று கத்தியது. மறுபடி ஸ்டார்ட் செய்தார். தூங்கியது. நிறுத்தினார். கத்தியது. அன்றிலிருந்து அதுதான் வழக்கம். ஜீப் ஓடினால் பாப்பா தூங்கும், நின்றால் எழுந்துவிடும். மல்லிகா அக்கா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறிவிடுவார். பாப்பா தூங்கும், அந்த அக்காவும் தூங்குவார். தினம் இரண்டு நடை, இரண்டு தூக்கம். வீடு நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது.

பாப்பாவுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது ஜீப்புக்கு கியர்பாக்ஸ் போய்விட்டது.

கீழேயிருந்து வேறு வண்டி வந்து கட்டி இழுத்துக்கொண்டு போனது. "எப்ப கெடைக்கும்?" என்று அரைமணி அண்ணன் மெக்கானிக்கைக் கேட்டிருக்கிறார். "ரெண்டே நாளு" என்றாராம். இருபது நாள் ஆனது, இருபத்தைந்து நாள் ஆனது. தினம் போன் செய்வார், தினம் ரெண்டே நாள்தான். "இன்னா டீச்சர் இந்த ஆளு, நேரங்காலமே தெரியாத பேசறான்?" என்று என்னிடம் வந்து வருத்தப்பட்டார். நான் என் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

அங்கே வீட்டில் பாப்பா தூங்கவில்லை. கால் மணி நேரம் கண்ணசரும், எழுந்து கத்தும். என்னென்னவோ செய்து பார்த்தார்கள். மிக்ஸியை வெறுமனே ஓடவிட்டார்கள். கரண்ட் போய்விட்டது. எஞ்சின் சத்தத்தை செல்போனில் பிடித்து வைத்திருந்ததைப் போட்டார்கள். போனிலிருந்து வண்டு கத்துகிற மாதிரி வந்தது, பாப்பா அதைவிடக் கத்தியது. வேறொருவரின் சிவப்பு ஜீப்பைக் கொண்டுவந்து வாசலில் உறும விட்டார்கள். பாப்பா ஒரு நிமிஷம் உன்னிப்பாகக் கேட்டுவிட்டு, இது எங்கப்பா வண்டி இல்லை என்று தெரிந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுதது.

மல்லிகா அக்காவைப் பார்க்கவே முடியவில்லை. நின்றபடி தூங்கினார். எனக்கு டீ போடுகிறேன் என்று சாமை அரிசியைக் கொதிக்க வைத்துக்கொண்டு வந்து கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். வேறு என்ன செய்ய?

ஒரு நாள் வீடு பெருக்கும்போது, மூலையில் சாய்த்து வைத்திருந்த கிடாரில் துடைப்பம் பட்டு 'ஙொய்ங்' என்றது. கத்திக்கொண்டிருந்த பாப்பா சட்டென்று நிறுத்தியது. சத்தம் தேய்ந்து தேய்ந்து போய் அடங்கியதும் மறுபடி ஆரம்பித்தது. அரைமணி அண்ணன் ஓடிப்போய் கம்பியைச் சுண்டினார். நிறுத்தியது. அடங்கியது. கத்தியது. அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. பாப்பாவுக்கு வேண்டியது அறுபடாத ஒரு சத்தம். நடுவில் இடைவெளி வந்தால் எழுந்துவிடும்.

உடனே கிடார் கற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தார். நாற்பத்திரண்டு வயதில், செல்போனில் வீடியோ பார்த்து. எங்கள் மலையில் சிக்னல் என்பது ஒரே ஒரு இடத்தில்தான் ஒழுங்காகக் கிடைக்கும். புளியமரத்து வளைவில் ஒரு பாறை. அதன் மேல் ஏறி, தெற்கே பார்த்து உட்கார வேண்டும். அரைமணி அண்ணன் கிடாரோடு நாலு நாள் அங்கே உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், ஒரு பாட்டு முழுசா வந்துடுச்சி. நீங்க வீண கத்துக்கினவங்க இல்ல? கேட்டுட்டு சொல்லுங்க."

நான் வீணை கற்றுக்கொண்டது எட்டு வயதில். இரண்டு வருஷம் வாத்தியாருக்கும் எனக்கும் இழுபறி, பிறகு இரண்டு பேருமே கைவிட்டோம். அதை ஒரு தடவை ஜீப்பில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். போதாதா?

அவர் வீட்டு வாசலில் கச்சேரி. மல்லிகா அக்கா மடியில் பாப்பா. அரைமணி அண்ணன் மூன்று சுரம் வாசித்தார். பரவாயில்லையே என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சட்டென்று கையை நிறுத்திவிட்டார். கை மட்டுமில்லை, ஆளே நின்றுவிட்டார். வாய் பாதி திறந்திருந்தது. இடது கண் பாதி மூடியிருந்தது. மூச்சு விடுகிறாரா என்றே தெரியவில்லை. நாலைந்து நொடி. வலிப்பு வந்துவிட்டதோ? சாவிக்கொத்து எங்கே என்று தேடுவதற்குள் அவர் பாட்டுக்கு மறுபடி இரண்டு சுரம் வாசித்தார். மறுபடி நின்றார். இந்த முறை தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பாப்பா வீறிட்டது.

"இன்னாண்ணா, உடம்பு கிடம்பு சரியில்லயா?"

"பாட்டே இப்டிதான் டீச்சர். அந்த வெள்ளக்காரனே இப்டிதான் வாசிக்கிறான். நடுநடுவுல வாயத் தொறந்துக்கினு அப்டியே நிக்கணும். கஷ்டமான பாட்டு."

எனக்குத் தலை சுற்றியது. கிடாரில் அப்படி ஒரு மரபு இருக்குமோ? இருந்தாலும் இருக்கலாம், நமக்கென்ன தெரியும்? அடுத்த நாள் அவரோடு பாறைக்குப் போய் நானே வீடியோவைப் பார்த்தேன். வெள்ளைக்காரர் மூன்று சுரம் வாசித்தார். திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. வெள்ளைக்காரர் வாயைப் பாதி திறந்தபடி உறைந்து போனார். நாலைந்து நொடி கழித்து மறுபடி அசைந்தார்.

"பாத்தீங்களா?" என்றார் அரைமணி அண்ணன், பெருமையாக.

சிக்னல் விட்டுவிட்டு வந்த ஒவ்வொரு இடத்தையும், அந்த வெள்ளைக்காரர் முகம் கோணிக்கொண்டு நின்ற ஒவ்வொரு கோணலையும் இந்த மனிதர் ஒன்றுவிடாமல் பாடம் செய்து வைத்திருந்தார். சிரிக்கவா அழவா என்று எனக்கு விளங்கவில்லை. மெதுவாக எடுத்துச் சொன்னேன். அவர் வீடியோவை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார்.

"அப்ப அவன் நிக்கலயா?"

"நிக்கலண்ணா. டவர்தான் நின்னுச்சு."

"நாலு நாளா டவர வாசிச்சினு இருந்தேனா நானு?" என்று கேட்டுவிட்டு, அவரே பாறை மேல் உருண்டு உருண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

நான் அந்த வார லீவில் திருப்பத்தூர் போனபோது வீடியோவை முழுசாக இறக்கிக்கொண்டு வந்தேன். பாடம் இங்கிலீஷில். சுரத்தை வெட்டாமல் கோத்துக்கொண்டு போவதற்கு லெகாட்டோ என்று பேராம். வலது கை ஒரு தடவை மீட்டினால் போதும். மிச்சத்தை இடது கை விரல்களே பார்த்துக்கொள்ளும். ஒரு விரல் இருக்கும்போதே அடுத்த விரலால் கம்பியைத் தட்டினால் புது சுரம். அந்த விரலைச் சுண்டி எடுத்தால் பழைய சுரம். நான் சொல்லிக்கொண்டே போனேன். சொல்லச் சொல்ல எனக்கே ஒன்றும் புரியவில்லை. அவர் முகத்திலும் தெளிவில்லை. கடைசியில், "மொத்தத்துல வழுக்கிக்கிட்டுப் போற மாதிரி இருக்கணும்ணா" என்று முடித்தேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன்.

மறுநாள் மாலை போனால், கிடாரிலிருந்து விளக்கெண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. பலாப்பழ சீசன். பிசின் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வேலை நடக்க வேண்டுமென்றால் அந்த மலையில் யாராக இருந்தாலும் கையிலும் கத்தியிலும் எண்ணெய்தான் பூசுவார்கள். இவர் கம்பிக்கும் கிடாரின் கழுத்துக்கும் பூசி, வெயிலில் வைத்து, இன்னொரு கோட்டும் பூசியிருந்தார். கம்பியில் விரலை வைத்தால் விரல் நேராக அடுத்த வீட்டுக்குப் போனது. ஒலியே எழும்பவில்லை. எறும்பு மட்டும் வந்தது. நானும் முருகேசனும் பள்ளிக்கூடத்துப் பாத்திரத் தூள் போட்டு ஒரு மணி நேரம் துடைத்தோம்.

அன்றைக்குத்தான் மல்லிகா அக்கா வாய் திறந்தார். கோபமாகக்கூட இல்லை, அதற்கும் தெம்பு வேண்டுமே.

"சனிக்கெழம நெல்லிவாசலுக்குப் போறேன். எங்கண்ணன் வூட்டுல மூணு பேரு கீறாங்க, மாத்தி மாத்தித் தூக்குவாங்க. ஜீப்பு வந்த பெறவு நீ வந்து இட்டுனு வா. பதினோரு மணிக்கு அந்தச் செவப்பு ஜீப்ப வரச் சொல்லிட்டேன்."

"என் பொண்டாட்டி புள்ள வேற வண்டியிலயா?" என்றார் அரைமணி அண்ணன்.

"ஒன் வண்டி எப்ப வரும் சொல்லு, நிக்கறேன்."

அவர் வாயைத் திறந்தார். வழக்கமான பதில் வரவில்லை. முதல் தடவையாக அந்த மனிதர் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாமல் நின்றதைப் பார்த்தேன். ஒன்பது வருஷம் காத்திருந்து வந்த குழந்தை. பிறந்ததிலிருந்து ஒரு நாள் பிரிந்ததில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. உள்ளே போய் மறுபடி கிடாரை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு விரலை எடுத்தார், சத்தம் செத்தது. அடுத்த விரலை வைத்தார், 'டொக்' என்றது. எடுத்தார், செத்தது. கியர் மாறுவதே தெரியாமல் ஓட்டுகிற மனிதருக்கு விரல் மாற்றத் தெரியாமல் போனது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, கண்ணை மூடினபடி மல்லிகா அக்கா சொன்னார்: "ஜீப்புல தொங்கறவங்களப் பாத்து கொரவள கிழிய கத்துவியே... அடுத்த ஆளு புடிச்ச பெறவு வுடுன்னு. அதயே ஒன் வெரலுக்கு சொல்லேன்."

அரைமணி அண்ணன் அந்த அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தன் இடது கையைப் பார்த்தார். அதற்குப் பிறகு இரண்டு நாள் அந்த வீட்டில் நடந்ததை, வெளியே இருந்து கேட்டவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்களோ தெரியாது.

நாலு விரலுக்கும் பேர் வைத்துவிட்டார். ஆள்காட்டி விரல் பால்காரர். நடுவிரல் வாச்சர். மோதிர விரல் முருகேசன். கம்பி மேல் நாலு பேரையும் தொங்கவிட்டு அதே குரலில் கத்தினார். "வாச்சரே, புடி! பால்காரரே, நீ எதுக்கு அதுக்குள்ள வுட்ட? முருகேசா, ஒனக்கு எப்பவுமே லேட்டு!" நிஜ முருகேசன் அந்தப் பக்கமாகத் தண்ணீர்க் குடத்தோடு போய்க்கொண்டிருந்தார். திடுக்கிட்டு உள்ளே வந்து, "இப்பதாண்ணா பாக்கறேன் ஒன்னிய, இன்னாத்துக்கு லேட்டுன்ற?" என்றார். "ஒன்ன இல்ல, போ" என்றார் இவர். முருகேசன் குழப்பத்தோடு போனார். வாச்சரும் ஒரு தடவை வந்துவிட்டுப் போனதாகக் கேள்வி.

"சுண்டுவெரலு யாருண்ணா?" என்று கேட்டேன்.

"நீங்கதான் டீச்சர்."

"நானா?"

"வந்து சேரத்தான் லேட்டாவும். புடிச்சிட்டா வுட மாட்டீங்க."

என் சுண்டுவிரலை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் நான் தங்கியிருந்த வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குப் போனேன், வழியனுப்ப. வாசற்படியில் மல்லிகா அக்கா தயாராக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் துணிப்பை, ஒரு பலாப்பழம், மடியில் அழுது அழுது சிவந்து போன பாப்பா. எதிரே தரையில் அரைமணி அண்ணன் கிடாரோடு. அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வலது கையால் ஒரே ஒரு தடவை மீட்டினார். பிறகு வாய்க்குள்ளேயே, மந்திரம் மாதிரி: "வாச்சரு புடி... பால்காரரு இருக்கட்டும்... முருகேசா... இப்ப டீச்சர். டீச்சர் புடிங்க, புடிங்க... இப்ப முருகேசா நீ வுடு..."

அது பாட்டு இல்லை. நாலே நாலு சுரம்தான், மேலே போவதும் கீழே வருவதுமாக. வளைவு வளைவாக மலை ஏறி இறங்குவதுபோல் இருந்தது. ஆனால் எங்கேயும் அறுபடவில்லை. ஒன்று எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்கியது என்று என் காதுக்குத் தெரியவில்லை. பாப்பா அழுகையை நிறுத்தியது. அப்பா முகத்தையே பார்த்தது. ஒரு கொட்டாவி விட்டது. இன்னொன்று விட்டது. கண் செருகியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மல்லிகா அக்காவின் தலை சுவரில் சாய்ந்திருந்தது. வாய் பாதி திறந்தபடி, அந்த அக்காவும் தூக்கம். கை மட்டும் பாப்பாவை விடவில்லை.

அரைமணி அண்ணன் கண்ணாலேயே என்னைக் கேட்டார்: நிறுத்தட்டுமா? நான் கையை ஆட்டினேன்: ஐயோ, வேண்டாம்.

சரியாகப் பதினோரு மணிக்கு அந்தச் சிவப்பு ஜீப் வந்தது. மலையில் எந்த வண்டியும் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை, அன்றைக்குப் பார்த்துத்தானா வரவேண்டும்? ஹாரனில் கை வைப்பதற்குள் செருப்பில்லாமல் ஓடிப்போய் வண்டி முன்னால் நின்றேன். இரண்டு கையையும் விரித்து, உதட்டில் விரல் வைத்து, என்னென்னவோ அபிநயம் பிடித்தேன். டிரைவர் பயந்துபோய் எஞ்சினை அணைத்தார்.

"இன்னா டீச்சர்? நெல்லிவாசலுக்கு வரச் சொன்னாங்களே. எவ்ளோ நேரம் ஆவும்?"

எம்.எஸ்ஸி. கணக்கு படித்த நான், பதினோரு வருஷம் பசங்களுக்குக் கடிகாரக் கணக்கு போட்டுக் காட்டிய நான், கொஞ்சம்கூட யோசிக்காமல் குசுகுசுவென்று சொன்னேன்:

"அரமணி."

டிரைவருக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் நன்றாகத் தெரியும். வண்டியைச் சத்தமில்லாமல் சரிவில் உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒன்றே கால் மணிக்கு மல்லிகா அக்கா கண் விழித்தார். எங்கே இருக்கிறோம் என்று ஒரு நிமிஷம் முழித்தார். மடியில் பாப்பா இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. எதிரே புருஷன் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார். அந்த அக்கா பாப்பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்து துணிப்பையை உள்ளே கொண்டுபோய் வைத்தார். பிறகு பலாப்பழத்தையும் கொண்டுபோனார்.

பாப்பா தூங்கி எழுந்த பிறகுதான் கிடாரைக் கீழே வைத்துவிட்டு அரைமணி அண்ணன் இடது கையை விரித்துக் காட்டினார். நாலு விரல் நுனியும் கொப்பளித்திருந்தது. சுண்டுவிரல் பிளந்து ரத்தம் கசிந்தது. அதை மட்டும் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், குழந்தைக்கு ஊதுவதுபோல ஊதினார்.

"டீச்சருக்குத்தான் அடி ஜாஸ்தி" என்றார்.

அழுதுவிட்டேன். என்ன வெட்கம்.

இப்போது நான் மாற்றலாகிக் கீழே வந்து இரண்டு வருஷமாகிறது. ஜீப் ஒருவழியாக அந்த ரெண்டே நாளில், அதாவது நாற்பது நாளில், வந்து சேர்ந்தது. பாப்பா அங்கன்வாடிக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் புளியமரத்து வளைவுப் பாறையிலிருந்து அரைமணி அண்ணன் போன் செய்வார். திருப்பத்தூர் ஸ்டாண்டில் தன் ஜீப் எந்தெந்த நாள் நிற்கும் என்று சொல்லிவிட்டு, கடைசியில் தவறாமல் கேட்பார்: "மேல எப்ப டீச்சர் வர்றீங்க?"

"அரமணிண்ணா" என்பேன்.

"சரி டீச்சர், நிக்கறேன்" என்று வைத்துவிடுவார்.

முன் சீட்டில் யாரையும் ஏற்றாமல், நிஜமாகவே நிற்பார். எனக்குத் தெரியும்.